எதிர்வீட்டு மலை

ஆனைக்கல்லின் கடைவீதிக்கு ஒரு பக்கம்தான் கடைகள். மறுபக்கம் சாக்கடை, சாக்கடையை ஒட்டி வண்டிகள் உருண்டுவிடாமலிருக்க நட்ட கல்தூண்கள், அவற்றுக்கப்பால் பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்கைத் தாண்டிக் கொடிப்பாறை மலை, அந்த மலையின் நெற்றியில் பொட்டு வைத்தாற்போல் கொடிப்பாறை ஊர். அங்கே ஒரு வீட்டில் விளக்குப் போட்டால் இங்கே தெரியும். இங்கே மாதா கோயிலில் மணியடித்தால் அங்கே சிலுவை போட்டுக்கொள்வார்கள். ஆனால் இங்கிருந்து அங்கே போக வேண்டுமென்றால் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் குடல் புரள இறங்கி, அடிவாரத்து வாழைத்தோப்புகளைச் சுற்றிக்கொண்டு, மறுபடி குடல் புரள ஏறி, மூன்று மணி நேரம் கழித்து, எதற்காகக் கிளம்பினோம் என்பதே மறந்துபோன நிலையில்தான் போய் இறங்க முடியும்.

ஹமீதின் டீக்கடைக்கும் மாதா லாட்ஜுக்கும் நடுவில் செசிலியின் துப்பாக்கிப் பட்டறை இருந்தது. அப்பாவிடமிருந்து லைசென்ஸும், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸும் அவள் கைக்கு வந்திருந்தன. தோட்டக்காரர்கள் பன்றி விரட்ட வைத்திருக்கும் துப்பாக்கிகள், பழைய குடும்பங்களில் பரண்மேல் கிடந்து துருவேறியவை, பாங்குக் காவலாளியின் ஒற்றைக்குழல் எல்லாம் அவளிடம்தான் வரும். அவளுக்குத் தூரத்தில் இருப்பது பருந்துக்குத் தெரிவதுபோல் தெரியும், கிட்டத்தில் இருப்பது கண்ணாடி போட்டால்தான் தெரியும். வேலைக்கு மட்டும் கண்ணாடி போடுவாள், மனிதர்களைப் பார்க்கப் போடமாட்டாள். அதனால் கடைக்கு வருகிறவர்களை அவள் முகத்தைவிடக் குரலால்தான் அறிந்துவைத்திருந்தாள்.

அவளுடைய புருஷன் சந்தியாகு கல்யாணங்களிலும் சாவுகளிலும் கிளாரினெட் வாசிக்கிறவன். வாசிக்காத நேரத்தில் பேசுகிறவன். பட்டறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, போன ஊர்களில் பார்த்ததையும் சாப்பிட்டதையும் அவன் சொல்லிக்கொண்டே இருப்பான். குழலுக்குள் கண்ணை வைத்துக்கொண்டு செசிலி "ம்" என்பாள். பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் ஒருநாள் அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் போறேன்" என்றான். செசிலி துப்பாக்கியின் போல்ட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். "சரி, வரும்போது சீமெண்ணெய் வாங்கிட்டு வாங்க" என்றாள். அவன் வாசலில் கொஞ்சநேரம் நின்றான். பிறகு பஸ் ஏறிக் கொடிப்பாறைக்குப் போய், அங்கே மலையின் விளிம்பில் ஒரு வீட்டைப் பிடித்துத் தங்கிவிட்டான். வருஷாவருஷம் ஈஸ்டருக்கு முன்னால் அந்த வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தான். ஆனைக்கல்லிலிருந்து பார்த்தால் அது பச்சைச் சேலையில் விழுந்த சோற்றுப் பருக்கைபோல் தெரியும். ஊருக்கே தெரியும் அது யார் வீடு என்று. செசிலிக்கும் தெரியும்.

அந்தப் பங்குனியில் ஆரஞ்சுத் தோட்டக்காரர் ராஜரத்தினம் ஒரு ரைபிளைக் கம்பளியில் சுற்றி எடுத்துவந்தார். அவருடைய தாத்தாவின் வேட்டை ரைபிள். பங்களாச் சுவரில் ஆளுயரப் படத்தில் தாத்தா அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். படத்தில் ரைபிளின் மேல் குறிபார்க்கிற தூரக்கண்ணாடி, ஸ்கோப், இருக்கிறது. பித்தளை வளையம் போட்ட அந்த ஸ்கோப்கூட ஒரு டிரங்குப் பெட்டியில் பத்திரமாகக் கிடைத்துவிட்டது. அதைத் துப்பாக்கியோடு பிணைக்கிற மவுண்ட்தான் எங்கேயோ தொலைந்துபோயிருந்தது.

"பொண்ணு கல்யாண வரவேற்பு பங்களாவுலதான் செசிலிம்மா," என்றார். "படத்துக்குக் கீழ இதை மாட்டணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உத்துப் பாக்கறவங்க. படத்துல இருக்கறது துப்பாக்கியில இல்லன்னா, தாத்தாவையே பொய்னு நினைச்சிருவாங்க."

"இப்ப வர்ற மவுண்ட் ஒண்ணு வாங்கி மாட்டிரலாமே ஐயா."

"அது பட்டுவேட்டிக்குக் கீழ ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட மாதிரி இருக்கும். அந்தக் காலத்துல எப்படியோ அப்படி வேணும்."

செசிலிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தாத்தாவின் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அது கொக்கி மவுண்ட் என்று கண்டுபிடித்தாள். ஸ்கோப்புக்கு அடியில் முன்னொரு கால், பின்னொரு கால். கால்களின் நுனியில் கோழி நகம்போல் கொக்கிகள். முன்கொக்கியை ரைபிள்மேல் உள்ள பொருத்தில் செருகி, பின்கொக்கியை அமுக்கினால், ஒரு சின்ன ஸ்பிரிங் 'டக்' என்று கவ்விக்கொள்ளும். ஒரு விசையைத் தள்ளினால் மறுபடி கையோடு வந்துவிடும். பழைய ரைபிளில் புதிதாக ஓட்டை போடுவது பாவம் என்பது அவளுடைய எண்ணம். பழைய மவுண்ட் இருந்த ஓட்டைகளைச் சின்னத் திருகாணிகளால் யாரோ அடைத்துவைத்திருந்தார்கள். அவற்றையே திறந்து பயன்படுத்தினாள். எஃகை வெட்டி, அரத்தால் ராவி, கொக்கியை விளக்குப் புகையில் காட்டிக் கருப்பேற்றி, பொருத்தில் வைத்து எடுத்து, எங்கே புகை அழிந்திருக்கிறதோ அங்கே ஒரு மயிரிழை ராவி, மறுபடி புகையில் காட்டி, மறுபடி வைத்து, மறுபடி ராவி, கடைசியில் கருப்பு எங்கும் ஒரே சீராக அழிகிறவரை அவள் விடவில்லை. ஸ்பிரிங்கையும் அவளே வளைத்துப் பதமேற்றினாள். எல்லாவற்றுக்கும் படத்தில் இருந்த அதே நீலக்கருப்பு.

பிறகு குறி சேர்க்கிற வேலை. சுட்டுப் பார்க்க அனுமதி கிடையாது. எனவே குழலின் பின்வாயை அடைக்கிற போல்ட்டைக் கழற்றிவிட்டு, ரைபிளை ஜன்னலோரத்து வைஸில் இறுக்கி, வெறும் குழலுக்குள் கண்ணை வைத்துத் தூரத்தில் ஒரு பொருளைக் குழலின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் ஸ்கோப்பில் பார்த்து, அதற்குள் நிற்கிற கூர்முனைக் குச்சி அதே பொருளைத் தொடுகிறவரை பின்பொருத்தை இடமும் வலமும் நகர்த்த வேண்டும். எந்தத் துப்பாக்கிக்கும் அவள் எடுக்கிற பொருள் ஒன்றுதான். கொடிப்பாறை விளிம்பில் இருக்கிற அந்த வெள்ளைச் சுவர், அதில் இருக்கிற ஜன்னல்.

காலை எட்டு மணி இருக்கும். குழலில் ஜன்னல் நடுவில் நின்றது. ஸ்கோப்பில் குச்சியின் முனை ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் நின்றது. செசிலி பின்கொக்கியை அமுக்கினாள். 'டக்' என்றது. கண்ணை எடுத்தாள். வீடு சின்னதாகவில்லை.

ஸ்கோப்பில் எவ்வளவு பெரிதாகத் தெரிந்ததோ அவ்வளவு பெரிதாக, கல்தூண்களை ஒட்டி, சாக்கடைக்கு அந்தப் பக்கம் அந்த வீடு நின்றது. அதன் பக்கத்தில் கொடிப்பாறை மாரியம்மன் கோயில், அதன் பக்கத்தில் பூண்டு மண்டி, அதன் பின்னால் மொத்த மலையும், கேரட் தோட்டங்களும் யூகலிப்டஸ் மரங்களும் மேலே போய்க்கொண்டிருந்தன. கடைவீதிக்கு இப்போது இரண்டு பக்கம் இருந்தது. நடுவில் கிடந்த பள்ளத்தாக்கு முழுவதும் சேலைக் கொசுவம்போல் மடிந்து சாக்கடைக்குள் செருகியிருந்தது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே அருவி விழுகிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் ஒரு கருங்குரங்கு அதற்குள்ளிருந்து ஏறி வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஹமீதின் கூரைமேல் போய் உட்கார்ந்தது.

வெள்ளைச் சுவரின் ஜன்னலுக்குள் சந்தியாகு முகம் முழுக்க நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தான். கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தவன், இருபதடி தூரத்தில் தன் பெண்டாட்டியையும், அவளுக்கு முன்னால் தன் நெஞ்சுக்கு நேராக நிற்கிற ரைபிளையும் பார்த்தான். கத்தியைக் கீழே வைத்தான்.

"செசிலி," என்றான், "சுடறதுன்னா சுடு. பாதிச் சவரத்துல மட்டும் வேண்டாம். ஒரு நிமிஷம் இரு."

செசிலிக்கு அவன் கலங்கலாகத் தெரிந்தான். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மீசை நரைத்துவிட்டிருந்தது. கழுத்து மெலிந்திருந்தது. வாயில் முதலில் வந்ததைச் சொன்னாள்.

"சீமெண்ணெய் எங்க?"

சந்தியாகு யோசித்தான். "அன்னிக்குக் கடை லீவு" என்றான்.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள முழுதாக ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை. கொடிப்பாறையில் நிறைமாதமாக இருந்த ஒருத்திக்குப் பத்து மணிக்கு வலி எடுத்தது. எப்போதும் பஸ்ஸில் வழியிலேயே பெற்றுவிடுவார்கள், அன்றைக்கு அவள் தன் காலால் நடந்து சாக்கடையைத் தாண்டி ஆனைக்கல் ஆஸ்பத்திரிக்குள் போய்ப் படுத்தாள். மத்தியானத்துக்குள் யாரோ சாக்கடைமேல் பலகைகளைப் போட்டார்கள். சாயங்காலம் கொடிப்பாறைச் சுனைத்தண்ணீரை ஆனைக்கல் பெண்கள் குடத்தில் பிடித்துக்கொண்டு வந்தார்கள், வருஷம் முழுக்க லாரித் தண்ணீரையே குடித்தவர்களுக்கு அது இனிப்பாக இருந்ததாம். 'பள்ளத்தாக்குக் காட்சி உண்டு' என்று எழுதியிருந்த மாதா லாட்ஜின் போர்டில் முதல் வார்த்தையை அழித்துவிட்டு 'எதிர்வீட்டுக்' என்று மாற்றினார்கள். அதற்கும் ஆட்கள் வந்து தங்கினார்கள்.

கொடிப்பாறைப் பள்ளிக்கூட ஆசிரியர் தனபால் ஆனைக்கல்லில் குடியிருந்தார். தொலைதூர மலைப்பகுதியில் பணிபுரிவதற்கான படி அவருக்கு உண்டு. நடந்து தாண்டினால் அந்தப் படி போய்விடுமோ என்ற பயத்தில், அவர் வழக்கம்போல் டிபன் கேரியரோடு முதல் பஸ் ஏறினார். வகுப்பு ஜன்னலில் நின்ற பிள்ளைகள் அவருக்குக் கையசைத்து வழியனுப்பிவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து அவர் வந்து சேர்ந்ததும் எழுந்து நின்று காலை வணக்கம் சொன்னார்கள். தாசில்தார் வந்து பார்த்தார். பலகையில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினார். பிறகு, சாலை வழித் தூரத்தில் மாற்றம் ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டு, கொடிப்பாறைப் பக்கம் விசாரிப்பதற்காக ஜீப்பில் ஏறிப் புறப்பட்டார். மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்து, பலகையின் மறுமுனையில் நின்று, தான் காலையில் நின்ற இடத்தைப் பார்த்தார். அங்கே அவர் குடித்து வைத்த டீ கிளாஸ் இன்னும் இருந்தது.

ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்படிப் போகாமலிருக்கும் என்பதுதான் எல்லாருக்கும் கவலை. இரண்டாம் நாள் செசிலி ஸ்கோப்பைக் கழற்றித் துடைக்கலாமென்று விசையில் விரல் வைத்தபோது, கொடிப்பாறையில் அடுக்குப்பானைகள் உருண்டன, கோயில் மணி தானாக ஆடியது, பலகையில் நின்ற ஆடு கத்தியது. விரலை எடுத்தாள். அன்றைக்கே இரண்டு ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து வந்து, ரைபிளை யாரும் தொடக்கூடாது என்று பட்டறைக் கதவில் எழுதி ஒட்டினார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி வந்து குழலுக்கு ஒரு முழம் கதம்பம் சுற்றினார். அதைப் பார்த்துவிட்டுப் பங்குச் சாமியாரும் வந்து தீர்த்தம் தெளித்தார். துருப்பிடிக்குமே என்று செசிலி பின்னாலேயே துடைத்தாள்.

சந்தியாகு பேச ஆரம்பித்தான். ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து, இத்தனை வருஷமும் வாசித்த ஊர்களையும் சாப்பிட்ட சாப்பாட்டையும் சொன்னான். செசிலி ராவிக்கொண்டே "ம்" என்றாள். ஹமீது தன் பெஞ்சுகளை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டான். டீ நன்றாக ஓடியது.

"நீ ஏன் ஒருதடவைகூட என்னைக் கேக்கலை?" என்றான் சந்தியாகு ஒருநாள், நடுப் பேச்சில்.

"என்ன கேக்கணும்?"

"ஏன் போனேன்னு."

"நீங்க சீமெண்ணெய்க்குப் போனீங்கன்னு நினைச்சேன்."

"எவ்வளவு நாள் அப்படி நினைச்ச?"

செசிலி அரத்தை நிறுத்தினாள். "அந்தச் சுவருக்கு வெள்ளையடிச்சீங்களே, அதுவரைக்கும்."

டீக்கடை பெஞ்சுகள் ஓரடி முன்னால் நகர்ந்தன.

"உனக்குத் தெரியணும்னுதான் அடிச்சேன்" என்றான் அவன்.

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சு?"

"குறி சேக்க அதைவிட நல்ல சுவர் இந்தச் சுத்துவட்டாரத்துலயே கிடையாது. எந்தத் துப்பாக்கி வந்தாலும் அதைத்தான் பாப்பேன்."

சந்தியாகு எழுந்து நின்றான். அந்த வட்டாரத்தின் அத்தனை துப்பாக்கிகளும், பன்றி சுடுகிறதும் காவல் காக்கிறதும், இத்தனை வருஷமாகத் தான் சவரம் செய்கிற ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தன என்பது மெல்ல அவன் மண்டைக்குள் இறங்கியது. ஜன்னலைச் சாத்திக்கொண்டான். அது கோபமா இல்லையா என்று இரண்டு ஊரும் அன்றைக்கு முழுவதும் விவாதித்தன. கட்டின புருஷனைக் குறிபார்ப்பது அடுக்குமா என்று கொடிப்பாறைக்காரர்கள் கேட்டார்கள். தினமும் ஒருத்தனை இவ்வளவு உற்றுப் பார்க்கிற பெண்டாட்டி வேறு யாருக்கு வாய்த்திருக்கிறாள் என்று ஆனைக்கல்காரர்கள் கேட்டார்கள். செசிலியிடம் யாரும் கேட்கவில்லை. அந்த ஜன்னலில் விளக்கு எரியாத நாட்களில், அவள் வேலையை எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அதற்கு என்ன பெயர் என்று அவள் யோசித்ததில்லை. மறுநாள் காலையில் ஜன்னல் திறந்தது. அவன் ஒன்றும் நடக்காததுபோல், மூக்கையாக் கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் போட்ட பாயசத்திலிருந்து தொடர்ந்தான்.

கிட்டத்தில் இருப்பது பழகப் பழகத் தொந்தரவாகவும் ஆனது. மலை மறைப்பதால் ஆனைக்கல்லில் வெயில் பத்து மணிக்குத்தான் வந்தது, துணி காயவில்லை. எதிர்ப்பக்கம் கொண்டுபோய்க் காயப்போட்டால் கொடிப்பாறை ஆடுகள் மென்றன. மாதா கோயில் மணியும் மாரியம்மன் கோயில் உடுக்கையும் ஒன்றோடொன்று மோதி, இரண்டு சாமிக்கும் வேண்டுதல் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றார்கள். அத்தனை காலம் தூரத்து விளக்காகத் தெரிந்தவர்கள் இப்போது குறட்டையாகவும் குழம்பு வாசனையாகவும் தெரிந்தார்கள். ஆனாலும் மேரிபாக்கியம் என்கிறவள், எதிரில்தானே இருக்கிறது, கூப்பிட்டால் கேட்கும் என்று தன் மகளைக் கொடிப்பாறைப் பூண்டு மண்டிக்காரர் மகனுக்குக் கட்டிக்கொடுத்தாள். கல்யாண ஊர்வலம் பலகையைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டதால், பேண்டுக்காரர்களுக்காக மூன்று தடவை போய்ப்போய் வந்தார்கள். சந்தியாகு அதில் கிளாரினெட் வாசித்தான். கன்னம் உப்ப வாசிக்கும்போது அவன் பழைய ஆளாகவே தெரிந்தான். செசிலி கண்ணாடியைக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

ஸ்பிரிங் களைத்துவருவதை முதலில் பார்த்தவள் அவள்தான். ஸ்கோப் நழுவாமல் பிடிப்பதற்காகச் செய்த ஸ்பிரிங் அது. ஒரு மலையைப் பிடித்து நிறுத்தும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. காலையில் பார்த்தால் விசைக்கும் பொருத்துக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி விழுந்திருக்கும். அழுத்திவிடுவாள். மறுநாள் இன்னும் கொஞ்சம். ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமென்றால் முதலில் கழற்ற வேண்டும். கழற்றினால் மலை போய்விடும், அப்புறம் புது ஸ்பிரிங்கை மாட்டி எவ்வளவு அமுக்கினாலும் வருமா என்று யாருக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் ராஜரத்தினம் வந்து நின்றார். கல்யாணம் நெருங்கிவிட்டது. பட்டறைக்குள் பூவும் சந்தனமுமாக இருந்த தாத்தாவின் ரைபிளை அவர் தயக்கத்தோடு பார்த்தார்.

"ஊர் பூரா என்னைத் திட்டும்னு தெரியுது செசிலிம்மா. நான் வேணா விட்டுர்றேன். மாப்பிள்ளை வீட்டுல ஏதாவது சொல்லிக்கறேன்."

"விட்டாலும் நிக்காது ஐயா," என்றாள் செசிலி. "ஸ்பிரிங் விட்டுக்கிட்டிருக்கு. ஒருநாள் அதுவாவே தெறிக்கும். அப்ப பலகைமேல யார் நிப்பாங்கன்னு சொல்ல முடியாது."

அதை அவள் இரண்டு ஊர்க்காரர்களையும் கூட்டிச் சொன்னாள். சத்தம் போட்டார்கள். உன் ஸ்பிரிங் லட்சணம் அவ்வளவுதானா என்றார்கள். அவ்வளவுதான் என்றாள். தெறித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்சி, தெரிந்த நாளில் போவதே நல்லது என்று ஒரு கட்சி. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த கொடிப்பாறைக்காரி, பலகைமேல் நின்றபடி, "இவன் நடக்கப் பழகறப்ப இதுமேலதான் ஓடுவான். எனக்குத் தெரிஞ்ச நாள்லயே போகட்டும்" என்றாள். அதற்குமேல் பேச்சு இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் என்று முடிவானது. அவரவர் எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அந்தப் பக்கம் வந்துவிட வேண்டும்.

ஞாயிறு காலையில் கொடிப்பாறையின் கர்ப்பிணிகள் அத்தனை பேரும் பாயும் தலையணையுமாக வந்து மாதா கோயில் கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள் வந்தார்கள். ஆனைக்கல் பெண்கள் கடைசிக் குடம் சுனைத்தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாடுகளை எண்ணிச் சரிபார்த்துப் பிரித்தார்கள். மேரிபாக்கியம் பலகையின் இந்த முனையில் நின்று, அந்த முனையில் நின்ற மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எதிர்வீட்லதானேன்னுதான் சம்மதிச்சேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் பலகைகளை எடுத்தார்கள். கருங்குரங்கு கூரையிலிருந்து இறங்கி, யாரும் சொல்லாமலே சாக்கடைக்குள் போய்விட்டது.

செசிலி பூவையெல்லாம் எடுத்துவிட்டு ரைபிளைத் துடைத்தாள். விசையின்மேல் விரலை வைத்தாள். எதிரே, வெள்ளைச் சுவர் ஜன்னலில், சந்தியாகு சவரம் செய்த முகத்தோடு, சினிமா பார்க்க வந்தவன்போல் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவன் எதுவும் பேசவில்லை. செசிலி விரலை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"என்னங்க" என்றாள்.

"சொல்லு."

"கொக்கியை எடுக்கறப்ப ரைபிள் ஆடும். பிடிச்சுக்க ஓர் ஆள் இருந்தா நல்லது."

அந்த வைஸில் இறுக்கிய ரைபிளை யானை வந்து முட்டினாலும் ஆடாது என்று எல்லாருக்கும் தெரியும். ராஜரத்தினம் மட்டும், "நான் வேணா பிடிக்கிறேனே" என்று முன்னால் வந்தார். ஹமீது சுடச்சுட ஒரு கிளாஸ் டீயை அவர் கையில் திணித்தான். அவருடைய இரண்டு கைகளும் அதைப் பிடிப்பதிலேயே போய்விட்டன.

"என்னையா கேக்கற?" என்றான் சந்தியாகு.

"உங்களைத்தான் கேக்கறேன்."

அவன் கதவுக்குக்கூடப் போகவில்லை. ஜன்னலில் காலைத் தூக்கிப் போட்டு, கல்தூணைப் பிடித்துக்கொண்டு, சாக்கடையைத் தாண்டி இந்தப் பக்கம் குதித்தான். பட்டறைக்குள் வந்து, ரைபிளின் கட்டையை இரண்டு கைகளாலும், குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டான். செசிலி விசையைத் தள்ளினாள். கொக்கிகள் பொருத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தன.

சாக்கடைக்குள்ளிருந்து பள்ளத்தாக்கு மடிப்பு மடிப்பாக அவிழ்ந்தது. அருவி அவிழ்ந்தது, மூங்கில் காடு அவிழ்ந்தது, மூடுபனியும் பறவைச் சத்தமும் குப்பென்று கிளம்பின. மலை, விருந்து முடிந்து எழுந்து போகிறவரைப்போல் அவசரமில்லாமல் பின்னால் நகர்ந்து நகர்ந்து, தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. கொடியில் காய்ந்த யாருடைய துணிகளோ அதோடு போய்விட்டன. கடைவீதியில் வெயில் அடித்தது. கொஞ்ச நேரம் எல்லாரும் கண் கூச நின்றார்கள். அப்புறம் ராஜரத்தினம் டீயைக் குடித்து முடித்து, ஸ்கோப்பை ஒருமுறை மாட்டிப் பார்த்தார். 'டக்' என்றது. ஒன்றும் நடக்கவில்லை. படத்தில் இருப்பதுபோலவே இருக்கிறது என்று சொல்லி, கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

சந்தியாகு தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து மெல்லிய புகை எழுந்தது.

"அடுப்புல கஞ்சி வெச்சிருந்தேன்" என்றான்.

"அணைக்கலையா?"

"நீ கூப்பிடுவேன்னு நான் என்ன கண்டேன்."

ஹமீதின் கடைக்கு முன்னால் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மேரிபாக்கியம் முறுக்கு டப்பாவோடு ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். செசிலி பட்டறையைப் பூட்டினாள். இருவரும் ஓடிப்போய் ஏறினார்கள். கடைசிக்கு முந்தின சீட்டு கிடைத்தது. உட்கார்ந்த பிறகுதான் செசிலி தன் கைகளைக் கவனித்தாள். அரம் இல்லை, குழல் இல்லை, துடைக்கிற துணிகூட இல்லை. மடியில் சும்மா கிடந்தன. பக்கத்தில் சந்தியாகு பஸ் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். கஞ்சி எப்படியும் தீய்ந்துவிடும், மூன்று மணி நேரத்தில் பானையும் போய்விடும் என்பது இருவருக்குமே தெரியும். இறங்கிவிடலாம் என்று இருவருமே சொல்லவில்லை.

"பானை நல்ல பானை," என்றான் அவன் பொதுவாக. "நத்தத்துல ஒரு கிழவர் சாவுக்கு வாசிக்கப் போனப்ப வாங்கினது. அந்தக் கிழவருக்கு ரெண்டு பெண்டாட்டி." அதோடு நிறுத்திக்கொண்டான்.

பஸ் முதல் வளைவில் திரும்பியது. செசிலி கண்ணாடியை மூக்கில் சரியாக ஏற்றிவிட்டுக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம்?" என்றாள்.